கட்டின பெல்ட் எதில் நிற்கிறது?

சனிக்கிழமை காலையில் லா ஷப்பல் பக்கம் போனால், ஃபோபூர் சென் துனி வீதியிலும் பெர்தொனே வீதியிலும் இரட்டை வரிசையில் வான்கள் நிற்பதைப் பார்க்கலாம். ஒன்று விடியப்புறம் ருங்கிஸ் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காயும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கும். இன்னொன்றில் மணவறைத் தூண்கள். மூன்றாவதில் கிடாரம், காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, ஜெனரேட்டர். பின்னால் கொழுவின ரெமோர்க்கில் கதிரை மேசை. பின்னேரம் லா கூர்நெவ் பக்கமோ பொபினி பக்கமோ ஒரு மண்டபத்தில் கலியாணம் இருக்கும். முன் சீற்றில் ஓட்டுகிற அண்ணை, அவருடைய மச்சான், இரண்டு பேருக்கும் நடுவில் "நானும் வாறன்" எண்டு அடம்பிடித்து ஏறின பெடியன்.

இந்த மூன்று பேருக்குப் பின்னால் அரை டன் சாமான் இருக்கிறது. அது எதில் நிற்கிறது என்பதுதான் இந்த மாதக் கதை.

எங்கட ஆக்களுக்குக் கட்டத் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. ஊரில் லொறிக்கு வெங்காய மூட்டை ஏற்றிக் கயிறு கட்டிப் பழகின கை அது. இங்கேயும் கனபேர் நல்ல ராட்செட் பெல்ட் வாங்கி வைத்திருக்கிறார்கள். பிரச்சினை பெல்ட்டின் மற்ற முனையில் இருக்கிறது. அந்தக் கொழுக்கி எதில் மாட்டியிருக்கிறது? ஒரு ரெயிலில் என்றால், அந்த ரெயிலை வானின் தரையோடு பிடித்து வைத்திருப்பது எது? அரை அங்குலப் பலகைக்குள் இறங்கின நாலு திருகாணி என்றால், மேலே எவ்வளவு விலை கூடின பெல்ட் போட்டாலும் உங்களிடம் இருப்பது நாலு திருகாணியின் பலம் மட்டும்தான்.

50 என்பது மெதுவா?

2024 அக்டோபர் 1 முதல் பாரிஸ் பெரிஃபெரிக்கில் வேக எல்லை 50 கி.மீ. "50இல போறதுக்கு என்ன கட்டு வேண்டிக்கிடக்கு" என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பௌதிகத்தை ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம். 50 கி.மீ. வேகத்தில் போகிற பொருளுக்குள் இருக்கிற சக்தி, அதே பொருள் கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையில் அடிக்கிற சக்திக்குச் சமம். 10 மீட்டர் என்றால் பாரிஸ் கட்டடத்தில் மூன்றாம் மாடி. நீங்கள் எதிலாவது மோதி நிற்கிற நேரத்தில், கட்டாத 25 கிலோ காஸ் சிலிண்டர் மூன்றாம் மாடியிலிருந்து விழுகிற மாதிரி உங்கள் முதுகுக்கு வரும்.

மோதல் எப்போதாவது நடப்பது. அவசர பிரேக் ஒவ்வொரு கிழமையும் நடப்பது. ஐரோப்பாவில் சாமான் கட்டுவதற்கென்று இருக்கிற தரம் இ.என். 12195. அதன்படி பிரேக் பிடிக்கும்போது சாமான் தன் எடையின் 0.8 பங்கு விசையோடு முன்னுக்குத் தள்ளும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் 0.5 பங்கு. அதாவது 300 கிலோ சாமான் பிரேக்கில் 240 கிலோ விசையோடு உங்களை நோக்கி வரும். வளைவில் 150 கிலோ விசையோடு பக்கச் சுவரைத் தள்ளும்.

முதலில் முட்டு, பிறகு கட்டு

ரெயிலுக்குப் போவதற்கு முன்னால் ஒன்று. தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டை தெரியும். அவ்வளவு பெரிய தேரைக் கயிற்றை இழுத்துப் பிடித்து நிறுத்துவதில்லை, சில்லுக்கு முன்னால் கட்டையைக் கொடுத்துத்தான் நிறுத்துகிறார்கள். 1985இல் தொடங்கின எங்கட பாரிஸ் ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயத்துத் தேர் ஒவ்வொரு வருடமும் லா ஷப்பல் வீதிகளில் வரும்போதும், கனமான ஒன்றை நிறுத்துவது சின்ன வேலையில்லை என்று விளங்கும்.

வானிலும் இதே நியாயம்தான். பாரமான சாமானை முன் தடுப்போடு ஒட்டி, இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். இடைவெளி வந்தால் பலகையோ வெறும் பெட்டியோ வைத்து நிரப்புங்கள். முன்னுக்குப் போக இடமில்லாத சாமான் வேகம் எடுக்காது. பெல்ட்டின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஓட்டுநருக்கும் சாமானுக்கும் நடுவில் இரும்புத் தடுப்பு இல்லாத வான் என்றால், ரெயில் வாங்குகிற காசை முதலில் அந்தத் தடுப்புக்குப் போடுங்கள்.

பிளேனில் இருந்து வந்த ரெயில்

பிரிக்கோலாஜ் கடைகளிலும் வான் உதிரிப்பாகக் கடைகளிலும் 'ரெய் தாரிமாஜ்' என்று கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று எயார்லைன் ரெயில்: ஒடுக்கமான அலுமினிய ரெயில், மேலே வரிசையாக வட்ட ஓட்டைகள். அடுத்த முறை கொழும்புக்கோ சென்னைக்கோ பறக்கும்போது சீற்றின் காலடியைக் குனிந்து பாருங்கள், அதே ரெயில்தான் அங்கேயும். விமான இருக்கைகளை முன்பின் நகர்த்திப் பூட்டுவதற்காக வந்த அமைப்பு, அதனால்தான் ஓட்டைகளுக்கு நடுவில் ஒரு அங்குல இடைவெளி. சாமானுக்கு ஏற்ற இடத்தில் வளையத்தைப் பூட்டலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி.

மற்றது இ-ட்ராக்: அகலமான இரும்புத் தகடு, நீள்சதுர ஓட்டைகள். பாரத்துக்கு நல்லது, ஆனால் எடை கூட.

ரெயிலைத் தரைக்கு மேலே வைத்தும் பூட்டலாம், பலகையை வெட்டி உள்ளே பதித்தும் பூட்டலாம். மேலே வைத்தால் தள்ளுவண்டிச் சில்லு தடுக்கும். பதித்தால் அழகு, ஆனால் எங்கட சாமானுக்கு ஒரு தொல்லை இருக்கிறது: அரிசியும் வெங்காயத் தோலும் ஓட்டைக்குள் போய் அடைக்கும். அடைத்த ஓட்டையில் வளையம் முழுதாகப் பூட்டாது, பூட்டின மாதிரி மட்டும் இருக்கும். பதிக்கிறவர்கள் ஒரு பழைய வர்ணத் தூரிகையை வானிலேயே வைத்திருங்கள்.

ரெயிலை மேலே இழுப்பது யார்?

கனபேர் யோசிக்காத இடம் இது. சாமானுக்கு மேலால் பெல்ட்டைப் போட்டு இரண்டு பக்க ரெயிலிலும் மாட்டி ராட்செட்டை இறுக்குகிறீர்கள். பெல்ட்டின் நீல லேபிளைப் பாருங்கள். எஸ்.டி.எஃப். என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் 300 டெக்காநியூட்டன் என்று போட்டிருந்தால், ஒழுங்காக இறுக்கின அந்த பெல்ட்டில் சுமார் 300 கிலோ இழுவிசை வரும் என்று அர்த்தம். வான் இன்னும் நகரவேயில்லை. அதற்குள்ளேயே ரெயிலை 300 கிலோ மேலே இழுக்கிறது. நாலு வளர்ந்த ஆண்கள் அந்த ஒரு இடத்தில் தொங்குகிற மாதிரி.

அப்படி இறுக்கினால் கிடைப்பது என்ன? பெல்ட் சாமானைத் தரையோடு அழுத்துகிறது, உராய்வு கூடுகிறது, சாமான் சறுக்காமல் நிற்கிறது. அவ்வளவுதான். வழுவழுப்பான பலகையில் உராய்வு 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் தடுப்பில் முட்டாமல் நிற்கிற 300 கிலோவுக்குத் தன் எடையாலேயே 90 கிலோ பிடிப்பு இருக்கும். தேவை 240. மீதி 150 கிலோப் பிடிப்பை பெல்ட் தர வேண்டும், அதற்கு 500 கிலோ கீழ்நோக்கி அழுத்த வேண்டும். இப்போது சாமானுக்கு அடியில் வழுக்காத ரப்பர் பாய் போடுங்கள், உராய்வு 0.6 ஆகும். சொந்த எடையாலேயே 180 கிலோ பிடிப்பு. மீதி 60. அதற்கு வேண்டிய அழுத்தம் வெறும் 100 கிலோ. கொஞ்சக் காசு ரப்பர் பாய் பெல்ட்டின் வேலையை ஐந்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டது, ரெயிலின் வேலையையும்தான். தரத்தில் இதற்கு மேலே பாதுகாப்புக்கென்று இன்னும் ஒரு பங்கு சேர்ப்பார்கள். எனவே கணக்கு சரியாக வந்தது என்று ஒரு பெல்ட்டோடு நிற்காமல் இரண்டாகப் போடுங்கள்.

பெல்ட்டின் சாய்வும் முக்கியம். நேராகக் கீழே இறங்கினால் முழு அழுத்தமும் கிடைக்கும். தரையோடு 30 பாகை சாய்வில் போனால் பாதிதான். பதிவான சாமானுக்கு மேலால் தூர இருக்கிற ரெயிலுக்குக் கட்டுவதில் பயன் குறைவு.

தரைக்கு அடியில் என்ன இருக்கிறது

இனி பூட்டுகிற வேலை. வானின் தரை என்பது மேலே பிளைவூட், அதற்குக் கீழே மெல்லிய நெளிதகடு, அதற்கும் கீழே குறுக்குச் சட்டங்கள். எலும்பு என்பது அந்தச் சட்டம்தான். பலகை தோல், தகடும் தோல். ரெமோர்க்கிலும் அப்படியே: சட்டத்தின் மேல் ஒரு பலகை.

திருகாணி பலகையின் சில மில்லிமீட்டர் நாரைத்தான் பிடிக்கிறது. மேல்நோக்கி இழுத்தால் நார் கிழியும், வீதிக் குலுக்கலில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தளரும், ஈரம் போனால் பலகை ஊதும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனவே திருகாணி வேண்டாம், ஊடுருவிப் போகிற போல்ட்தான் வேண்டும்.

போல்ட் தரமானதா என்று கவலைப்படத் தேவையில்லை. 8.8 தர எம்8 போல்ட் ஒன்றே 2 டன்னுக்கு மேல் தாங்கும். அது உடையாது, ஆனால் அதற்குக் கீழே இருக்கிற தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். சாதாரண எம்8 வாஷர் 16 மி.மீ. அகலம். அதற்குப் பதிலாக 40க்கு 80 மி.மீ. அளவில், 4 மி.மீ. தடிப்புள்ள இரும்புத் தகடு ஒன்றைக் கீழே கொடுத்தால் பாரம் ஏறக்குறைய 20 மடங்கு பரப்பில் பரவும். இந்த முழுக் கட்டுரையிலும் ஒரு வரிதான் ஞாபகம் இருக்கும் என்றால் இந்தத் தகடு ஞாபகம் இருக்கட்டும். சனம் காசை மிச்சம் பிடிக்கிற இடமும் இதுதான், ஏனெண்டால் இது கண்ணுக்குத் தெரியாது.

வேலையின் ஒழுங்கு இப்படி:

1. முதலில் வானுக்குக் கீழே படுத்துப் பாருங்கள். எண்ணெய்த் தாங்கி, பிரேக் குழாய், வயர் எங்கே போகிறது என்று படம் எடுத்து வையுங்கள். ட்ரில் மேலே இருந்து வரும், ஆபத்து கீழே இருக்கும்.

2. ரெயிலின் இடத்தை மேலே வசதி பார்த்து முடிவு செய்யாமல், கீழே குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். நீளவாக்கில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரெயில் வைத்தால் அது எல்லாச் சட்டங்களையும் தாண்டிப் போகும். போல்ட்டைச் சட்டத்துக்குப் பக்கத்தில் இறக்கி, அடித்தகட்டின் ஓரம் சட்டத்தில் பொருந்துகிற மாதிரி வைக்கலாம். பிரதானச் சட்டத்தில் மட்டும் உங்கள் எண்ணத்துக்கு ஓட்டை போடாதீர்கள். எங்கே போடலாம் என்பதை வான் தயாரிப்பாளரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

3. ரெயிலில் கம்பனி ஓட்டை போட்டு விட்டிருந்தால் ஒவ்வொரு ஓட்டைக்கும் போல்ட் போடுங்கள். ஒன்று விட்டு ஒன்று போடுகிற பழக்கம் வேண்டாம். குறிப்பாக இரண்டு நுனிகளிலும் போல்ட் கட்டாயம். ரெயில் எப்போதும் நுனியில் இருந்துதான் கிளம்பும்.

4. ஓட்டை போட்டதும் இரும்பின் வெட்டு விளிம்பில் நாகம் கலந்த துருத்தடுப்பு வர்ணம் பூசுங்கள், பலகையின் உள்விளிம்பில் வார்னிஷ். பாரிஸ் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் மூன்று வருடத்தில் உங்கள் வேலையைத் தின்றுவிடும். அலுமினிய ரெயிலும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டு ஈரம் பட்டால் அரிப்பு இன்னும் வேகமாக வரும். இரண்டுக்கும் நடுவில் பொலியூரித்தேன் பசை ஒரு படை இருக்கட்டும். அது தண்ணீரையும் உள்ளே விடாது.

5. நைலோன் வளையம் உள்ள நட் பாவியுங்கள், குலுக்கலில் தளராது. அடித்தகடு நன்றாக அமர்கிற வரை இறுக்குங்கள், பலகை நசுங்குகிற வரை வேண்டாம். 100 கி.மீ. ஓடின பிறகு கீழே படுத்து இன்னொரு தரம் இறுக்கிப் பாருங்கள். பலகை அமரும், நட் கொஞ்சம் இளகியிருக்கும்.

6. முடிந்ததும் சாமான் ஏற்றாமல் ஒரு சோதனை. எதிரெதிர் ரெயில்களில் பெல்ட்டை மாட்டி, நடுவில் ஒரு பலமான மரப்பெட்டிக்கு மேலால் போட்டு முழுதாக இறுக்குங்கள். ஒருவர் மேலே ரெயிலின் நுனியைப் பார்க்கட்டும், ஒருவர் கீழே தகட்டைப் பார்க்கட்டும். ஏதாவது வளைந்தாலோ கிளம்பினாலோ மண்டபத்துக்குப் போகிற வழியில் தெரிவதை விட இப்போதே தெரிவது நல்லது.

கீழே கை போகாத இடத்துக்கு ரிவெட் நட் என்று ஒன்று விற்கிறார்கள், மேலிருந்தே பூட்டலாம். அது தகட்டை மட்டும்தான் பிடிக்கும். தட்டு, கம்பளம் மாதிரி இலேசான சாமானுக்குச் சரி, ஜெனரேட்டருக்குச் சரியில்லை.

சுவர் ரெயில்

சுவரில் போடுகிற ரெயில், சாமான் சரியாமல் பிடிப்பதற்கு. மணவறைத் தூண், நிமிர்த்தி வைத்த மேசை, குளிர்சாதனப் பெட்டி, இவற்றுக்கு நல்லது. அரை டன்னைச் சுவரில் தொங்கவிடக் கூடாது. வானில் உள்விலா எங்கே ஓடுகிறதோ அங்கேதான் பூட்ட வேண்டும்.

பெட்டி ரெமோர்க்கிலும் குளிர் வானிலும் சுவர் வேறு மாதிரி: இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவில் ஃபோம். இதில் போல்ட்டை இறுக்க இறுக்க ஃபோம் நசுங்கிக்கொண்டே போகும், ஒருபோதும் இறுகாது. போல்ட்டைச் சுற்றி சுவரின் தடிப்பளவு நீளத்துக்கு ஒரு குழாய்த் துண்டு உள்ளே கொடுத்து, இரண்டு பக்கமும் தகடு வைத்தால்தான் நிற்கும்.

ட்ரில்லைத் தொடவே கூடாத வான்கள்

வாடகை வானில் ஓட்டை போட முடியாது, அது எல்லாருக்கும் தெரியும். லீசிங்கில் எடுத்த வானும் உங்களுடையது இல்லை, எழுத்தில் கேட்காமல் தொடாதீர்கள். மூன்றாவது புதுசு: மின்சார வான். பாரிசில் இப்போது கனபேர் அதற்கு மாறுகிறார்கள். அதன் பற்றரி பெரும்பாலும் தரைக்கு நேர் கீழே இருக்கிறது. அந்தத் தரையில் ட்ரில் வைப்பது உயிரோடு விளையாடுகிற வேலை. அதற்குத் தயாரிப்பாளரே தருகிற ரெயிலும் பூட்டும் இடமும்தான்.

இப்படியான வான்களில் தரையில் ஏற்கனவே இருக்கிற வளையங்களைப் பாவியுங்கள். சரக்கு வான்களின் வளையத்துக்கும் தடுப்புக்கும் ஐ.எஸ்.ஓ. 27956 என்று ஒரு தரமே இருக்கிறது. அவை வானின் எலும்போடு சேர்த்துச் செய்தவை. ஒரு வளையம் எவ்வளவு தாங்கும் என்பது வானின் கையேட்டில் இருக்கும். ரப்பர் பாயும் முன் முட்டும் சேர்ந்தால் ரெயில் இல்லாமலே பெரும்பாலான சாமானைப் பத்திரமாகக் கொண்டுபோகலாம்.

பெல்ட்டும் சட்டமும்

லேபிள் கிழிந்த பெல்ட், ஓரம் வெட்டுப்பட்ட பெல்ட், முடிச்சுப் போட்ட பெல்ட், மூன்றும் குப்பைக்கு. கிடாரத்தின் கூர் விளிம்பில் பெல்ட் உரசுகிற இடத்தில் மூலைக்காப்பு ஒன்று வையுங்கள். லேபிளில் எல்.சி. என்று இருப்பது பெல்ட் தாங்கக்கூடிய அளவு. ரெயில் வளையத்திலும் இப்படி ஒரு எண் இருக்கும். இரண்டில் சின்ன எண்தான் உங்கள் எண்.

பிரெஞ்சு வீதிச் சட்டத்தின் ஆர்312-19ஆம் பிரிவு, சாமானால் ஆபத்து வராமல் வேண்டிய எல்லா முன்னெச்சரிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது. மீறினால் நாலாம் வகுப்புக் குற்றம், வழக்கமான தண்டம் 135 யூரோ. ரெமோர்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு எண்: மொத்த அனுமதி எடை 500 கிலோவுக்கு மேல் போனால் ரெமோர்க்குக்குத் தனி கார்த் கிறீஸ் வேண்டும். 750 கிலோவுக்கு மேல் போய், வாகனமும் ரெமோர்க்கும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டினால் சாதாரண பெ பெர்மி போதாது. பாரத்தை அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலேயும் வையுங்கள். பின்னால் பாரம் கூடினால் ரெமோர்க் நெடுஞ்சாலையில் பாம்பு மாதிரி ஆடும், அதை எந்த ரெயிலும் தடுக்காது.

சமையல், மணவறை, பந்தல் வேலை செய்கிற அண்ணைமார் பலருக்கு வான்தான் கடை, வான்தான் மூலதனம். ரெயில் பூட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். வேறு யாராவது பூட்டித் தந்த வான் என்றால் ஒரு மணித்தியாலம்கூடப் போகாது: கைபேசி லைட்டைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து பாருங்கள். போல்ட்டின் நுனியில் தகடு தெரிந்தால் நல்லது. வெறும் வாஷர் தெரிந்தால் தகடு போடுங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் அது திருகாணி. அந்த ரெயிலில் அடுத்த சனிக்கிழமை காஸ் சிலிண்டரைக் கட்டாதீர்கள், முன் சீற்றில் பெடியனை ஏற்றாதீர்கள்.

அடுத்த மாதம் வீட்டு வை-ஃபை ஏன் குசினியில் மட்டும் வேலை செய்வதில்லை என்று பார்ப்போம்.